எந்த 'லெ மிஸராப்' கேட்டு அழுவது?

மேடை இசை நாடகங்களில் கண் கலங்க வைக்கும் ஒன்றைச் சொல் என்று யார் கேட்டாலும் நான் யோசிக்காமல் 'லெ மிஸராப்' என்று சொல்லிவிடுவேன். சிக்கல் அதற்குப் பிறகுதான். "சரி, எந்த லெ மிஸராப்?" என்று அடுத்த கேள்வி வரும். தேடினால் லண்டன் குழு, நியூயார்க் குழு, முழுப் பதிவு, பத்தாம் ஆண்டுக் கச்சேரி, இருபத்தைந்தாம் ஆண்டுக் கச்சேரி, திரைப்படப் பாடல்கள் என்று வரிசையாக வந்து நிற்கின்றன. பாடல்கள் ஏறக்குறைய அவையேதான். குரல்கள் வேறு, வெட்டுகள் வேறு. தவறான பதிவில் தொடங்கி, "நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அழுகை வரவில்லை" என்று திரும்பி வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் உண்டு. நானும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்.

எனக்கு முதலில் கிடைத்தது ஒரு நண்பர் பதிந்து தந்த கேசட். 1985ஆம் ஆண்டு லண்டன் பதிவு. இரண்டு தட்டுகளில் இருந்ததை அவர் 90 நிமிடக் கேசட்டில் திணிக்கப் பார்த்திருக்கிறார். கடைசிப் பகுதி வருவதற்குள் நாடா தீர்ந்துவிட்டது. சிறை மீண்ட கைதியான கதாநாயகன் வால்ஜான் சாகும் காட்சி எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் கிடைக்கவே இல்லை. அதுவரை அந்தப் பாடல்களை எத்தனையோ முறை கேட்டேன், முணுமுணுத்தேன், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பிறகு முழுவதையும் கேட்ட அன்று, மேசையில் இருந்த காபி ஆறிப் போய் ஆடை கட்டியிருந்தது. ஏன் அப்படி என்பதில்தான் இந்த ஒப்பீட்டின் முதல் அளவுகோல் இருக்கிறது.

## எதை வைத்து அளப்பது

திரும்பி வரும் மெட்டு. இசையமைப்பாளர் குளோட் மிஷேல் ஷோன்பெர்க் ஒரு மெட்டை ஒரு பாத்திரத்தோடு முடித்துவிடுவதில்லை. ஆலைத் தொழிலாளி ஃபான்டீன் சாகும்போது, பக்கத்தில் இல்லாத தன் குழந்தையைக் கூப்பிட்டு ஒரு மெட்டில் பாடுகிறாள். பல காட்சிகள் கழித்து, காதல் கைகூடாத எப்போனீன் பாரிஸ் தெருவில் தனியாக நடந்துகொண்டு பாடும் 'ஆன் மை ஓன்' அதே மெட்டுதான். கடைசியில் வால்ஜானை அழைத்துப் போக ஃபான்டீனின் ஆவி வரும்போது மூன்றாவது முறையாக அது திரும்புகிறது. அதேபோல, தொடக்கத்தில் பாதிரியார் ஒருவர் பசியோடு வந்த கைதியை உள்ளே வரச் சொல்லும் மெட்டிலேயே, தோழர்கள் அனைவரும் செத்துப்போன பிறகு புரட்சி மாணவன் மாரியுஸ் வெற்று நாற்காலிகளைப் பார்த்துப் பாடுகிறான். வால்ஜான் திருந்தும் இசையில்தான் அவனை வாழ்நாளெல்லாம் துரத்திய ஜாவர் ஆற்றில் குதிக்கிறான். முதல் முறை கேட்காதவனுக்கு இரண்டாம் முறை வெறும் நல்ல பாட்டு. என் கேசட்டில் நடந்தது அதுதான்.

குரலில் நடிப்பு. படமே இல்லாமல் கேட்கிறோம். அழகாகப் பாடுவது போதாது. பாடுகிறவர் யார், எந்த நிலையில் இருக்கிறார் என்பது குரலிலேயே தெரிய வேண்டும்.

கதை பிடிபடுவது. தமிழ் வாசகருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. விக்டர் யூகோவின் நாவலை சுத்தானந்த பாரதியார் 'ஏழைபடும் பாடு' என்று தமிழில் தந்திருக்கிறார். 1950இல் அதே பெயரில் கே. ராம்நாத் இயக்கத்தில் நாகையா நடித்த படமும் வந்தது. அதில் போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அந்தப் பாத்திரத்தின் பெயர் கடைசி வரை ஒட்டிக்கொண்டது. 'ஜாவர் சீதாராமன்' என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்கள் என்றால், நாடகத்தின் வில்லனை ஏற்கெனவே பாதி அறிவீர்கள்.

மறைவான செலவு. பணம் மட்டும் இல்லை. நேரம், வெட்டப்பட்ட காட்சிகள், நடுவில் வரும் கைதட்டல், பிறகு இன்னொன்றையும் வாங்கியே தீர வேண்டிய நிலை ஆகியவையும் இதில் சேரும்.

## 1985, லண்டன்

1985 அக்டோபர் 8 அன்று பார்பிகன் அரங்கில் தொடங்கிய குழுவின் பதிவு. பத்திரிகை விமர்சகர்கள் பலர் அப்போது நாடகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. வால்ஜானாக அயர்லாந்துக்காரர் கோம் வில்கின்சன், ஜாவராக ராஜர் அல்லம், ஃபான்டீனாக அமெரிக்காவிலிருந்து வந்த பாட்டி லுபோன், எப்போனீனாக ஃபிரான்சிஸ் ரஃபெல், மாரியுஸாக மைக்கேல் பால்.

இதன் பலம் அதன் கரடுமுரடு. இந்தப் பாத்திரங்களை ஆங்கிலத்தில் இதற்கு முன் யாரும் பாடியதில்லை. யாரைப் போலவும் பாட வேண்டிய கட்டாயம் இவர்களுக்கு இல்லை. ரஃபெலின் எப்போனீன் தெருவில் வளர்ந்த பெண்ணாகவே ஒலிக்கிறாள். மெல்லிய, கொஞ்சம் மூக்கால் வரும் குரல். பாட்டுப் போட்டியில் பரிசு வாங்காது. ஆனால் மழையில் மாரியுஸின் மடியில் கிடந்து சாகும்போது, பாடுவதற்கே தெம்பு இல்லாத ஒருத்தி பாடுவது போல இருக்கிறது. லுபோனின் ஃபான்டீனில் கோபம்தான் அதிகம். 'ஐ ட்ரீம்ட் எ ட்ரீம்' பாடலில் அவர் கெஞ்சுவதில்லை. வாழ்க்கை தன்னை ஏமாற்றிவிட்டதைக் குற்றச்சாட்டாக எடுத்து வைக்கிறார். எனக்கு இது பிடிக்கும். குழைவை எதிர்பார்ப்பவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

மறைவான செலவு: இணைப்புப் பகுதிகள் நிறைய விடுபட்டிருக்கின்றன. பாடலுக்கும் பாடலுக்கும் இடையே என்ன நடந்தது என்று நீங்களேதான் நிரப்பிக்கொள்ள வேண்டும். பின்னால் நாடகத்திலிருந்து நீக்கப்பட்ட 'ஐ சா ஹிம் ஒன்ஸ்' என்ற, ஃபான்டீனின் மகள் கோசெட்டின் பாடல் இதில் உண்டு. ஜாவரின் 'ஸ்டார்ஸ்' பின்னால் அமைந்த இடத்தைவிட முன்னதாகவே வந்துவிடுகிறது. பின்னணியில் எண்பதுகளின் சிந்தசைசர் சத்தம் வேறு. சிலருக்கு அது ஏக்கம் தரும். சிலருக்குப் பழைய தொலைக்காட்சித் தொடரின் தலைப்பிசை ஞாபகம் வரும்.

## 1987, நியூயார்க்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வில்கின்சனும் ரஃபெலும் இங்கேயும் இருக்கிறார்கள். ஒலி சுத்தம், வரிகள் செப்பம், ஃபான்டீனாக ராண்டி கிராஃப் மென்மையாகப் பாடுகிறார். ஆனால் இதுவும் வெட்டிச் சுருக்கியதுதான். லண்டனின் முரட்டுத்தனமும் இல்லை, அடுத்து வரும் பதிவின் முழுமையும் இல்லை. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் கேளுங்கள். தேடிப் போய் வாங்கத் தேவையில்லை.

## 1988, முழுப் பதிவு

மூன்று தட்டுகள், ஏறத்தாழ மூன்று மணி நேரம். பாதிரியார் வீட்டு வெள்ளிப் பாத்திரங்களிலிருந்து கடைசி மூச்சு வரை ஒரு வரி விடாமல், பெரிய சிம்ஃபனி இசைக்குழுவோடு பதிந்தது. நாடகம் அதற்குள் பல நாடுகளுக்குப் போயிருந்ததால் குழுவையும் உலகம் முழுவதிலுமிருந்து பொறுக்கி எடுத்தார்கள். வால்ஜான் அமெரிக்க 'கன்ட்ரி' இசைப் பாடகர் கேரி மோரிஸ். ஜாவர் ஆஸ்திரேலியர் ஃபிலிப் குவாஸ்ட். எப்போனீன் ஜப்பானியக் குழுவிலிருந்து வந்த காஹோ ஷிமாதா. புரட்சி மாணவர் தலைவன் ஆன்ஜோல்ராவாக ஆன்டனி வார்லோ.

மெட்டு திரும்பி வரும் இடங்கள் அனைத்தும் அதனதன் இடத்தில் இருப்பது இங்கேதான். இணைப்பு வரிகளில்கூட அழுகை ஒளிந்திருக்கிறது என்பது இதைக் கேட்டால்தான் தெரியும். ஒரு இடத்தைச் சொல்கிறேன். புரட்சி மாணவர்கள் தெருவில் எழுப்பிய தடுப்பரணில் தோட்டா தீர்ந்துவிடுகிறது. தெருச் சிறுவன் கவ்ரோஷ் வெளியே குதித்து, செத்துக் கிடக்கும் சிப்பாய்களின் பையிலிருந்து தோட்டாக்களைப் பொறுக்குகிறான். பாடிக்கொண்டே பொறுக்குகிறான், கொஞ்ச நேரம் முன்பு துள்ளலாகப் பாடிய அதே பாட்டை. ஒரு வெடி. குரல் தடுமாறுகிறது, ஆனால் பாட்டு நிற்கவில்லை. இன்னொரு வெடி. மறுபடி தொடங்குகிறான், இப்போது மெதுவாக. கடைசி வெடி வரும்போது வரி முடியவில்லை. ஒரு பையன் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது யாரோ வாயைப் பொத்தியது போல நின்றுவிடுகிறது. பாடல் தொகுப்புகளில் இதற்கு இடம் கிடைக்காது, ஏனென்றால் இது தனிப் பாடலே இல்லை.

குறையும் உண்டு. ஒலிப்பதிவு அறையில், ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே பலர் பாடியது சில இடங்களில் வெளிப்படையாகத் தெரிகிறது. இருவர் பேசிக்கொள்ளும் காட்சியில் சூடு குறைவு. கேரி மோரிஸின் 'பிரிங் ஹிம் ஹோம்' மிக அழகாக இருக்கிறது. அந்த அழகே கொஞ்சம் தடையாகவும் இருக்கிறது.

மறைவான செலவு நேரம்தான். மூன்று மணி நேரத்தைத் தவணை முறையில், பஸ்ஸில் இருபது நிமிடம், சமையலறையில் அரை மணி என்று கேட்டால் மெட்டுகளின் நினைவு கரைந்துவிடும். ஒரு ஞாயிறு மதியத்தை முழுதாக ஒதுக்க முடியாதவர்கள் இதில் தொடங்க வேண்டாம்.

## 1995, ஆல்பர்ட் ஹால் கச்சேரி

லண்டனில் தொடங்கிச் சரியாகப் பத்தாண்டுகள் கழித்து, 1995 அக்டோபர் 8 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த கச்சேரி. அதுவரை பாடியவர்களில் சிறந்தவர்கள் என்று கருதியவர்களை ஒரே மேடையில் நிறுத்தினார்கள். வில்கின்சன், குவாஸ்ட், மைக்கேல் பால் ஆகியோரோடு ஃபான்டீனாக ரூதி ஹென்ஷல், எப்போனீனாக ஃபிலிப்பைன்ஸ் பாடகி லியா சலோங்கா. வேடம் கட்டி, மைக்குக்கு முன்னால் நின்று பாடினார்கள்.

'பிரிங் ஹிம் ஹோம்' ஒன்றுக்காகவே இந்தப் பதிவை வாங்கலாம். தடுப்பரணில் தூங்கும் இளைஞனைப் பார்த்து, அவனுக்குப் பதிலாகத் தன்னை எடுத்துக்கொள்ளும்படி கடவுளிடம் கிழவர் வால்ஜான் கேட்கிறார். முதல் வரியிலேயே குரல் முழுதாக ஒரு ஸ்தாயி மேலே ஏறி விடுகிறது, ஆனால் சத்தம் ஏறக் கூடாது. உச்சத்தில் நின்றுகொண்டு கிசுகிசுக்க வேண்டும். இந்தப் பாடலை வில்கின்சனின் குரலை மனத்தில் வைத்தே எழுதினார்கள். 1985இல் அவர் வயது 41. முதியவராக நடிக்க வேண்டியிருந்தது. 1995இல் 51. குரலின் ஓரத்தில் லேசான தேய்மானம் விழுந்திருக்கிறது. கடைசிச் சுரத்தை அவர் விடும் வரை அத்தனை பெரிய அரங்கில் ஒரு செருமல்கூடக் கேட்காது. பிறகு கைதட்டல் வெடிக்கிறது. அந்தக் கைதட்டல் எனக்கு ஒருபோதும் இடைஞ்சலாக இருந்ததில்லை. அரங்கில் இத்தனை பேருக்கும் இதே நிலைதானா என்று ஓர் ஆறுதல்.

குவாஸ்டின் ஜாவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வில்லனை நினைத்து யாராவது அழுவார்களா? இவர் பாடினால் அழலாம். 'ஸ்டார்ஸ்' பாடும்போது அவரிடம் துளி வன்மம் இல்லை. தான் நம்பும் ஒழுங்கின் மீது அவ்வளவு பக்தி. அந்த நம்பிக்கை உடைந்து ஆற்றங்கரையில் நிற்கும்போது, வால்ஜான் திருந்திய அதே இசை கீழே ஓடுவது காதில் விழும்.

முடிவில் பல நாடுகளின் 17 வால்ஜான்கள் மேடைக்கு வந்து புரட்சிப் பாடலை அவரவர் மொழியில் ஆளுக்கு ஒரு வரியாகப் பாடுகிறார்கள். கதைக்கு இதனால் பயன் ஒன்றும் இல்லை. ஏற்கெனவே ஈரமாக இருக்கும் கண்ணுக்கு இது கூடுதல் படி.

மறைவான செலவு: சில காட்சிகளும் இணைப்பு வரிகளும் இதிலும் வெட்டப்பட்டிருக்கின்றன. இன்னொன்று, ஒலியை மட்டும் கேட்பவர் விரைவில் காட்சிப் பதிவையும் தேடிப் போவார். மைக்குக்கு முன்னால் நிற்கும் முகங்களைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியே தீரும்.

## 2012, திரைப்படப் பாடல்கள்

டாம் ஹூப்பர் இயக்கிய படம். முன்கூட்டியே பதிந்த பாட்டுக்கு வாயசைக்காமல், படப்பிடிப்பிலேயே பாடினார்கள். காதுக்குள் சிறு கருவியில் பியானோ மட்டும் கேட்கும்; இசைக்குழுவைப் பிறகு சேர்த்தார்கள். இதனால் நடிகர் நினைத்த இடத்தில் மூச்சுவிடலாம், விம்மலாம், ஒரு சொல்லைத் தொண்டையிலேயே நிறுத்தலாம். ஆன் ஹாத்வே அதை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டார். மேடையில் 'ஐ ட்ரீம்ட் எ ட்ரீம்' வேலை போனவுடன் வரும்; படத்தில் அவள் முடியையும் பல்லையும் உடலையும் விற்ற பிறகு வருகிறது. இடம் மாறியதால் பாட்டின் பொருளே மாறிவிட்டது. அவருக்கு ஆஸ்கர் கிடைத்ததில் வியப்பில்லை.

ஆனால் ஒலியாக மட்டும் கேட்டால்? முகம் மறைந்ததும் விம்மல்கள் பல இடங்களில் வெறும் சுருதிப் பிசகாக மிஞ்சுகின்றன. ரஸ்ஸல் க்ரோவின் ஜாவர், குவாஸ்டைக் கேட்ட காதுக்கு எட்டாது. இன்னொரு பொறியும் உண்டு. முதலில் வந்த ஒற்றைத் தட்டுத் தொகுப்பில் ஃபான்டீன் சாகும் காட்சி கிடையாது. எப்போனீன் சாகும் பாடலும் கிடையாது. மூன்று முறை திரும்பும் மெட்டின் முதல் கண்ணியே அறுந்துவிட்டால் கடைசிக் காட்சி எப்படி வேலை செய்யும்? இவற்றையெல்லாம் சேர்த்து இரட்டைத் தட்டுப் பதிப்பு 2013இல் வந்தது. வாங்குவதானால், கேட்பதானால், அதுதான்.

மேடைப் பதிவை முதலில் கேட்டவர்களுக்குப் படம் ஒரு தனிப் பரிசு வைத்திருக்கிறது. பாதிரியாராக வருபவர் கோம் வில்கின்சன். இறுதியில், சாகும் புது வால்ஜானை வரவேற்கக் காத்திருப்பவர் பழைய வால்ஜான். வரிசையை மாற்றிக் கேட்டால் இந்த இடம் வீணாகிவிடும்.

## ஒரே பார்வையில்

| பதிவு | நீளம் | திரும்பும் மெட்டு | குரலில் நடிப்பு | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| 1985 லண்டன் | இரண்டு தட்டு | ஓரளவு | மிக வலு, முரடு | கதை தெரிந்திருக்க வேண்டும் |
| 1987 நியூயார்க் | இரண்டு தட்டு | ஓரளவு | சீரானது | தேடி வாங்கத் தேவையில்லை |
| 1988 முழுப் பதிவு | மூன்று தட்டு | முழுமை | அழகு, சூடு குறைவு | தொடர்ந்து மூன்று மணி நேரம் |
| 1995 கச்சேரி | இரண்டு தட்டு | பெரும்பாலும் உண்டு | உச்சம் | காட்சிப் பதிவும் வேண்டும் என்று தோன்றும் |
| 2012 படம் | ஒன்று அல்லது இரண்டு தட்டு | இரட்டைத் தட்டில் மட்டும் | முகத்தோடு பார்த்தால் வலு | ஒற்றைத் தட்டைத் தவிர்க்கவும் |

## உங்களுக்கு எது

நாடகத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது, ஒரு மாலை நேரம்தான் கையில் இருக்கிறது என்றால் 1995. கதைச் சுருக்கத்தை ஒரு பக்கம் படித்துவிட்டுத் தொடங்குங்கள். பாடல்களை ஏற்கெனவே துண்டு துண்டாகக் கேட்டு, இதில் அழ என்ன இருக்கிறது என்று நினைப்பவருக்கு 1988. உங்களுக்கு விடுபட்டது பாடலுக்கு இடையே இருக்கும் வரிகள்தான். பளபளப்பான குரல்கள் அலுத்துவிட்டவர்களுக்கு 1985. பாட்டாகவே பேசிக்கொள்வது உங்கள் வீட்டாருக்கு விநோதமாகத் தோன்றினால் அவர்களோடு உட்கார்ந்து படத்தைப் பாருங்கள், ஒலியை மட்டும் கேட்க வேண்டாம்.

அண்மையில் யாரையாவது இழந்தவர்கள் எந்தப் பதிவானாலும் 'எம்ப்டி சேர்ஸ் அட் எம்ப்டி டேபிள்ஸ்' வரும்போது தனியாக இருக்க வேண்டாம். பிழைத்திருப்பதே குற்றமாகத் தோன்றும் மனநிலையை அது நேரடியாகத் தொடுகிறது. நிறுத்திவிட்டு வேறொரு நாள் கேட்டால் பாட்டு கோபித்துக்கொள்ளாது.

பிரெஞ்சு தெரிந்தவர்கள் 1980ஆம் ஆண்டின் முதல் பதிவையும் தொட்டுப் பார்க்கலாம். அதில் 'பிரிங் ஹிம் ஹோம்' இல்லை, 'ஸ்டார்ஸ்' இல்லை, பாதிரியார் காட்சியும் இல்லை. யூகோவின் கதையைப் பள்ளியிலேயே படித்த பிரெஞ்சுக்காரர்களுக்கு முன்கதை தேவைப்படவில்லை. இன்று எல்லோரும் எப்போனீனுடையது என்று நினைக்கும் அந்த 'ஆன் மை ஓன்' மெட்டு அங்கே ஃபான்டீனின் சொந்தப் பாட்டு.

2010 அக்டோபரில் லண்டன் ஓ2 அரங்கில் நடந்த இருபத்தைந்தாம் ஆண்டுக் கச்சேரியை இதுவரை தொடவில்லை. அதை முதல் பதிவாக நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அரங்கின் பிரம்மாண்டம் கதையை விழுங்கிவிடுகிறது. ஆனால் 1995ஐ நன்றாகக் கேட்டுப் பழகிய பிறகு ஒரு காரணத்துக்காக அதைத் தேடி எடுங்கள். 1995இல் 24 வயது எப்போனீனாக 'ஆன் மை ஓன்' பாடிய லியா சலோங்கா, 2010இல் 39 வயது ஃபான்டீனாக வருகிறார். சாவுக் கட்டிலில் கிடந்து குழந்தையைக் கூப்பிடுகிறார். அதே மெட்டு, அதே தொண்டை, நடுவில் பதினைந்து ஆண்டுகள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். நடுவில் விளம்பரம் எதுவும் நுழையாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.